ஓட்டுநருக்கு வந்த காய்ச்சல்: ஒரு ஆம்புலன்ஸ் பயணமும் அது காட்டிய ஓட்டைகளும்

பின்னணி

நான் ஒரு ஆம்புலன்ஸ் சேவையில் பயிற்சிப் பொறுப்பாளராக இருக்கிறேன். கீழே எழுதியிருக்கும் நிகழ்வில் யாரும் உயிரிழக்கவில்லை. நாங்கள் பயந்த நோயும் கடைசியில் இல்லை என்று தெரிந்தது. அப்படியும் இதை முதலிலிருந்து முடிவுவரை பதிவு செய்கிறேன். புதிய தொற்றுநோய் எது வந்தாலும் சமாளிப்போம் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது.

கொரோனா அலைகள் ஓய்ந்த பிறகு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு நாள் பயிற்சி நடத்திவந்தோம். முதல் நாள் வகுப்பு. இரண்டாம் நாள் பாதுகாப்பு உடையை அணிந்து, கழற்றிக் காட்ட வேண்டும். முடிந்ததும் சான்றிதழ். மருத்துவ உதவியாளர்கள் எல்லோரும் இதை முடித்திருந்தார்கள். ஓட்டுநர்கள் முதல் நாள் காலையில் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி கழுவும் பணியாளர்களுக்கு எதுவும் இல்லை. அவர்கள் ஒப்பந்தத்தில் வந்தவர்கள் என்பதால் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. அந்தப் பட்டியலைத் தயாரித்தவன் நான்.

நோயாளியைத் தொடுகிறவருக்குத்தான் பயிற்சி தேவை என்பது அப்போது எனக்கு இயல்பான நினைப்பாக இருந்தது. முந்தைய அனுபவங்களைப் படித்திருந்தும் அந்த நினைப்பு மாறவில்லை என்பதை இப்போது யோசித்தால் வருத்தமாக இருக்கிறது. 2003-இல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் பரவியபோது கனடாவின் டொராண்டோ நகரில் 400-க்கும் மேற்பட்ட ஆம்புலன்ஸ் பணியாளர்கள் வீட்டுத் தனிமையில் இருக்க வேண்டியிருந்தது. 2014-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் எபோலா நோயாளி ஒருவர் முதன்முறை மருத்துவமனைக்கு வந்தபோது, அவர் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்பது பதிவில் இருந்தும் சிகிச்சை முடிவில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சில நாள் கழித்து நிலைமை மோசமாகி ஆம்புலன்ஸில் வந்தார். பின்னர் அவரைக் கவனித்த இரண்டு செவிலியர்களுக்கு நோய் தொற்றியது. 2015-இல் தென்கொரியாவில் மத்திய கிழக்கு நாடுகளிலிருந்து திரும்பிய ஒரே பயணியிடமிருந்து தொடங்கிய மெர்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் 186 பேரைப் பாதித்தது. 38 பேர் இறந்தார்கள். இவற்றையெல்லாம் வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன்.

அந்த இரவு

நள்ளிரவு தாண்டி அழைப்பு வந்தது. பேசியவர் நோயாளியின் மகன். அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, பேசவே முடியவில்லை என்றார். காய்ச்சல் இருக்கிறதா என்ற கேள்விக்கு மூன்று நாளாக இருப்பதாகச் சொன்னார். கட்டுப்பாட்டு அறைப் பணியாளர் உடனே வண்டியை அனுப்பிவிட்டார். வெளியூர்ப் பயணம் பற்றிய கேள்வி அவருடைய திரையில் கடைசியில் இருந்தது. நிரப்பாமலே படிவத்தை மூடலாம். மூச்சுத்திணறல் என்றால் அந்த இடம்வரை யாரும் போவதே இல்லை என்பது பின்னால் பழைய பதிவுகளைப் பார்த்தபோது தெரிந்தது. அன்று பணியில் இருந்தவர் செய்த தவறு என்று இதைச் சொல்ல மாட்டேன். படிவத்தை நாங்கள் அப்படி அமைத்திருந்தோம்.

வண்டியில் இரண்டு பேர்: மருத்துவ உதவியாளராக ஒரு பெண், அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவர். உதவியாளர் சாதாரண அறுவை மாஸ்க்கும் கையுறையும் அணிந்திருந்தார். நோயாளி ஐம்பதுகளின் பிற்பகுதியில் இருப்பவர். ஆக்சிஜன் அளவு 84, நல்ல காய்ச்சல், நெஞ்சில் விசில் போன்ற ஒலி. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கைகொடுக்க, ஓட்டுநரும் சேர்ந்து ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். வண்டிக்குள் ஏற்றியதும் உதவியாளர் ஆக்சிஜன் கொடுத்து, மருந்தை நுண்துளிகளாக்கிச் சுவாசிக்கவைக்கும் நெபுலைசரும் வைத்தார். வெளியே மழை. ஜன்னல்கள் மூடியிருந்தன. ஏசி உள்காற்றையே சுழற்றும் நிலையில் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநருடன் பேச வசதியாக நடுத்தடுப்பின் சிறு ஜன்னல் திறந்திருந்தது.

மகன் முன்னிருக்கையில் உட்கார்ந்தார். கால் மணி நேரம் போயிருக்கும். பேச்சுவாக்கில், "அப்பா போன வாரம்தான் ஊர் திரும்பினார், அங்கேயே உடம்பு ஒரு மாதிரி இருந்ததாம்" என்றார். ஓட்டுநர் எந்த ஊர் என்று கேட்டார். அரேபியத் தீபகற்ப நாடு ஒன்றின் பெயரைச் சொன்ன மகன், நண்பருடைய ஒட்டகப் பண்ணைக்குப் போய்வந்ததையும் சேர்த்துச் சொன்னார்.

ஓட்டுநருக்கு மெர்ஸ் என்ற பெயர் தெரியாது. ஆனால் முதல் நாள் காலை வகுப்பில் கேட்ட ஒன்று அவருக்கு நினைவிருந்தது: காய்ச்சலும் பயணமும் சேர்ந்து வந்தால் உடனே சொல்ல வேண்டும். தடுப்பு ஜன்னல் வழியாகத் திரும்பி உதவியாளரிடம் சொன்னார். அந்த இரவில் எடுத்த சரியான முடிவுகள் எல்லாம் இந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் தொடங்கின.

வண்டிக்குள் எடுத்த முடிவுகள்

மெர்ஸ் 2012-இல் முதலில் அடையாளம் காணப்பட்ட கொரோனா வகை வைரஸ். ஒட்டகங்களிடமிருந்து மனிதர்களுக்கு வரும். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது பெரும்பாலும் மருத்துவமனைச் சூழலில்தான் நடந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்பட்ட நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலானவர்கள் இறந்திருக்கிறார்கள். தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய 2 முதல் 14 நாள் ஆகலாம்.

உதவியாளர் முதலில் நெபுலைசரை நிறுத்தினார். மருந்தோடு நோயாளியின் மூச்சுக்காற்றையும் நுண்துளிகளாக அது வண்டி முழுக்கப் பரப்பும். மருந்து நின்றால் மூச்சுத்திணறல் கூடுமோ என்ற தயக்கம் இருந்ததாகப் பிறகு சொன்னார். ஆக்சிஜனால் அளவு 91-க்கு வந்திருந்ததால் துணிந்தார். ஆக்சிஜன் மாஸ்க்கின் மேல் நோயாளிக்கு ஒரு அறுவை மாஸ்க் போட்டார். தானும் என்-95 மாஸ்க்குக்கு மாறினார். கண்ணாடியும் கவுனும் அணிந்தார். ஓட்டுநரிடம், "அண்ணா, ஜன்னலை மூடிட்டு ஏசியை வெளிக்காத்துக்கு மாத்துங்க" என்றார். பின்பக்கக் காற்றோட்ட விசிறியைப் போட்டார். அப்புறம் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு, மருத்துவமனைக்கு முன்கூட்டியே சொல்லச் சொன்னார்.

அவசர மருத்துவத் துறையில் சொல்லித்தரும் வரிசை இதுதான்: கண்டுபிடி, தனிமைப்படுத்து, தகவல் கொடு. அவர் அதைச் சரியாகச் செய்தார். ஆனால் தொடங்கியது பதினெட்டாவது நிமிடத்தில். நெபுலைசர் அதற்குள் ஓடிவிட்டது.

மருத்துவமனையில் வேறு வாசல் வழியாக வரச் சொன்னார்கள். தனியறை தயாராகும்வரை நாற்பது நிமிடம் வண்டியிலேயே காத்திருந்தார்கள். என்-95 மாஸ்க்கும் கவுனும் போட்டுக்கொண்டு, மூடிய வண்டியில், மூச்சுக்குத் திணறும் ஒருவருடன் நாற்பது நிமிடம் இருப்பது என்பது வகுப்பில் ஐந்து நிமிடம் உடையணிந்து காட்டுவதிலிருந்து முற்றிலும் வேறு. நோயாளியை ஒப்படைத்த பிறகு உதவியாளர் வண்டிக்குப் பின்னால் நின்று, விளக்கு வெளிச்சம் சரியாக விழாத இடத்தில், தனியாக உடையைக் கழற்றினார். குப்பைப் பை கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. முதலில் கண்ணாடியை எடுத்தார். கையுறை அப்போதும் கையில்தான் இருந்தது. வியர்வை கண்ணில் இறங்க, முழங்கையால் முகத்தைத் துடைத்தார். இதையெல்லாம் அவரே அடுத்த நாள் எங்களிடம் சொன்னார். அவர் மறைக்காமல் சொல்லியிருக்காவிட்டால் இந்த ஆய்வில் பாதி இருக்காது.

இரண்டு பெயர்கள் ஏழான கதை

விடிந்ததும் என் மேசைக்கு, நோயாளியோடு தொடர்பில் இருந்தவர்களின் பட்டியல் வந்தது. அதில் இரண்டு பெயர்கள் இருந்தன: உதவியாளர், ஓட்டுநர்.

மகன் தானாகவே மூன்றாமவர். ஸ்ட்ரெச்சருக்குக் கைகொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் நான்காமவர். மருத்துவமனை வாசலில் ஸ்ட்ரெச்சரைப் பிடித்த ஊழியர் ஒருவர் மாஸ்க் இல்லாமல் வந்திருந்தார்; அவர் ஐந்து. வண்டி அதிகாலையில் நிலையத்துக்குத் திரும்பியதும் அதைக் கழுவிய பெண் ஆறாமவர். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. வழக்கம்போல ரப்பர் கையுறையுடன் பின்பக்கத்தைத் துடைத்து, கிடந்த நெபுலைசர் குழாயைக் கையால் எடுத்துக் குப்பையில் போட்டிருக்கிறார். அடுத்த ஷிப்டின் ஓட்டுநர் ஆக்சிஜன் சிலிண்டரைச் சரிபார்க்க உள்ளே ஏறியிருந்தார். அவர் ஏழு.

ஆறாவது, ஏழாவது பெயர்கள் பட்டியலில் ஏறும்போது மாலை ஆகிவிட்டது. அதுவரை அந்த வண்டி பணியில்தான் இருந்தது என்பது அதைவிட மோசம். நிறுத்தச் சொல்ல வேண்டியவர் யார் என்று எங்கள் நடைமுறையில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

மெர்ஸ் சந்தேகத்துக்கு 14 நாள் கண்காணிப்பு என்று முடிவெடுத்தோம். ஏழு பேரையும் ஒரே மாதிரி நடத்தவில்லை. நெபுலைசர் ஓடியபோது என்-95 இல்லாமல் இருந்ததால் உதவியாளரும், அதே காற்றில் இருந்ததால் ஓட்டுநரும் வீட்டிலேயே தனித்திருக்க வேண்டும். அடுத்த ஷிப்ட் ஓட்டுநர் பணியைத் தொடரலாம். காலையும் மாலையும் வெப்பநிலை பார்த்துச் சொன்னால் போதும். மகன், பக்கத்து வீட்டுக்காரர், மருத்துவமனை ஊழியர் ஆகியோரின் விவரங்களைச் சுகாதாரத் துறையிடம் கொடுத்தோம்.

சரி, வண்டி கழுவிய பெண்ணை என்ன செய்வது? இதில்தான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். அவர் வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. வீட்டில் இருக்கச் சொன்னால் பதினான்கு நாள் வருமானம் போகும். வேலைக்கு வரச் சொல்லி, காய்ச்சல் வந்தால் தெரிவியுங்கள் என்றால், தெரிவித்த அன்றே வருமானம் நின்றுவிடும். அப்படிப்பட்ட ஒருவரிடமிருந்து உண்மையான வெப்பநிலையை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று நான் வாதாடினேன். நிர்வாகம் முதலில் தயங்கியது. ஒப்பந்ததாரரின் பொறுப்பு என்றது. இரண்டாம் நாள் உதவியாளர், ஓட்டுநர், அந்தப் பெண் மூன்று பேருக்கும் முழுச் சம்பளத்துடன் விடுப்பு என்று ஒப்புக்கொண்டது. இந்த ஒரு நாள் தாமதத்தில் அவர் இன்னும் இரண்டு வண்டிகளைக் கழுவியிருந்தார்.

என்ன நடந்தது

நோயாளியின் தொண்டையிலிருந்து எடுத்த முதல் மாதிரியில் மெர்ஸ் இல்லை என்று வந்தது. அதோடு கண்காணிப்பை நிறுத்தலாம் என்று சிலர் சொன்னார்கள். மெர்ஸ் வைரஸ் நுரையீரலின் கீழ்ப்பகுதியில்தான் அதிகம் இருக்கும். தொண்டை மாதிரியில் தவறிப்போக வாய்ப்புண்டு. எனவே சளி மாதிரியின் முடிவு வரும்வரை காத்திருந்தோம். அதுவும் இல்லை என்றே வந்தது. நோயாளிக்கு இருந்தது இன்ஃப்ளுயன்சா ஏ. அவர் தேறி வீடு திரும்பினார்.

இதற்கிடையில் மூன்றாம் நாள் ஓட்டுநருக்குக் காய்ச்சல் வந்தது. அவரும் அவருடைய குடும்பமும் அந்த ஒன்றரை நாள் பட்ட பாட்டை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. பரிசோதனையில் அவருக்கும் இன்ஃப்ளுயன்சா ஏ. தொற்றியபின் அறிகுறி தெரிய இன்ஃப்ளுயன்சாவுக்கு 1 முதல் 4 நாள் ஆகும் என்பதோடு நாள் கணக்கும் பொருந்தியது.

அந்தப் பயணத்தில்தான் தொற்றியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகனிடமிருந்தோ வேறெங்கிருந்தோ வந்திருக்கலாம். ஆனால் திறந்திருந்த தடுப்பு ஜன்னல், உள்ளேயே சுழன்ற ஏசி, ஓடிய நெபுலைசர், மாஸ்க் இல்லாத ஓட்டுநர் என்று வழி மட்டும் முழுசாகத் திறந்திருந்தது. இன்ஃப்ளுயன்சாவுக்குத் திறந்த வழி மெர்ஸுக்கும் திறந்தே இருந்திருக்கும்.

நாங்கள் மாற்றியவை

அழைப்புப் படிவத்தை முதலில் மாற்றினோம். காய்ச்சலோ புதிய இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் பயணக் கேள்வி உடனே திறக்கும். பதில் இல்லாமல் படிவம் மூடாது. ஆனால் வண்டி அதற்காகக் காத்திருக்காது. வண்டி கிளம்பிய பிறகும் கேள்வி தொடரும். பதில் வண்டியின் திரைக்குப் போகும். கேள்வியின் சொற்களையும் மாற்றினோம். "வெளிநாடு போனீர்களா?" என்றால் இல்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். "கடந்த 21 நாளில் ஊரைவிட்டு எங்கெல்லாம் போனார், அவரைப் பார்க்க யார் எங்கிருந்து வந்தார்கள், விலங்குகளோடு பழகினாரா?" என்று கேட்கிறோம். 21 நாள் என்று வைத்தது, தொற்றியபின் அறிகுறி தெரிய எபோலாவுக்கு ஆகும் அதிகபட்ச இடைவெளியைக் கருதி. எந்தப் பகுதியில் எந்த நோய் பரவுகிறது என்பதை வாரம் ஒருமுறை பார்த்துப் புதுப்பிக்கும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுத்தோம். புதிய நோய்கள் விஷயத்தில் பழைய பட்டியல் தவறான தைரியத்தைத் தந்துவிடும்.

வீட்டு வாசலில் நின்று கேட்கும் பழக்கம் அடுத்தது. நோயாளியிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று, முதலில் ஒருவர் மட்டும் பார்க்க வேண்டும். மற்றவர் வெளியே நிற்பார். நிலைமை புரிந்த பிறகு எந்த அளவு பாதுகாப்பு உடை தேவை என்று முடிவெடுப்பார்கள். இதற்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே ஆகிறது.

வண்டியில் நடுத்தடுப்பு ஜன்னலை மூடிவைத்தோம். பேச இன்டர்காம் பொருத்தினோம். ஏசி எப்போதும் வெளிக்காற்று நிலையில். ஸ்ட்ரெச்சர் தூக்க உதவிய ஓட்டுநர், முன்னிருக்கையில் ஏறும் முன் கவுனையும் கையுறையையும் கழற்றி, கைகளைச் சுத்தம் செய்வார். என்-95 மட்டும் முகத்தில் இருக்கும். உறவினர் முன்னிருக்கையில் வருவதைச் சந்தேகம் உள்ள பயணங்களில் நிறுத்தினோம். குழந்தை நோயாளி என்றால் இது நடைமுறையில் கஷ்டம்தான். அங்கே மாஸ்க் போட்டு ஒருவரை அனுமதிக்கிறோம்.

என்-95 எல்லோருக்கும் பொருந்துகிறதா என்று அதுவரை சோதித்ததே இல்லை. சோதித்தபோது ஒரே அளவு மாஸ்க்கை வாங்கி வைத்திருந்தது தவறு என்று புரிந்தது. முகம் சிறியவர்களுக்கும் தாடி வைத்தவர்களுக்கும் ஓரத்தில் காற்று கசிந்தது. உதவியாளருக்கும் அந்த அளவு பொருந்தவில்லை.

உடை கழற்றும் பயிற்சி

இதற்கு இப்போது அதிக நேரம் கொடுக்கிறோம். புற ஊதா ஒளியில் ஒளிரும் பொடியைக் கவுனிலும் கையுறையிலும் தடவி, உடையைக் கழற்றச் சொன்னோம். பிறகு அறையை இருட்டாக்கி விளக்கைக் காட்டினோம். கழுத்து, மணிக்கட்டு, காதுக்குப் பின்னால், கைப்பேசி, காரின் சாவி என்று ஒளிர்ந்தது. பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள்கூட அதைப் பார்த்து அமைதியாகிவிட்டார்கள். நான் மணிக்கணக்கில் வகுப்பில் பேசியதைவிட அந்த விளக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது.

இனி யாரும் தனியாகக் கழற்றுவதில்லை. இன்னொருவர் எதிரே நின்று ஒவ்வொரு படியையும் வாசிப்பார்: கையுறை, கவுன், கை சுத்தம், கண்ணாடி, மறுபடி கை சுத்தம், கடைசியாக மாஸ்க், திரும்பவும் கை சுத்தம். இந்த வரிசை எல்லோருக்கும் மனப்பாடம்தான். களைப்பில் இருக்கும் கை மனப்பாடத்தைக் கேட்பதில்லை. ஆகவே வாசிப்பவர் சொல்லாமல் அடுத்த படி கூடாது என்று வைத்தோம். அவர் பெரும்பாலும் ஓட்டுநர். இதனால் ஓட்டுநர்களின் பயிற்சியும் முழுமையாயிற்று.

ஆண்டுக்கு இரண்டு நாள் என்பதை விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை ஷிப்ட் தொடங்கும் முன் இருபது நிமிடம் என்று மாற்றினோம். சில பயிற்சிகளை முன்னறிவிப்பில்லாமல் இரவில் வைக்கிறோம்.

வண்டி கழுவுபவர் சொன்னவை

விடுப்பு முடிந்து வந்த அந்தப் பெண்ணை உட்காரவைத்து, வண்டியை எப்படிக் கழுவுகிறார் என்று முதன்முறையாகக் கேட்டோம். குளோரின் கரைசலை வாரத் தொடக்கத்தில் ஒரு வாளி கலந்து வைத்துக்கொண்டு தீரும்வரை பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். கலந்த கரைசல் வெயிலிலும் சூட்டிலும் வீரியம் இழக்கும். அன்றன்று கலக்க வேண்டும். கறை போக ஆசிட்டைச் சேர்த்த நாட்களும் உண்டாம். குளோரினும் ஆசிட்டும் சேர்ந்தால் நச்சு வாயு வரும். இது அவருக்கு யாரும் சொல்லாத விஷயம். கண் எரியும், அவ்வளவுதான் என்று நினைத்திருக்கிறார். 5 சதவீத பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்தால் 0.5 சதவீதக் கரைசல் கிடைக்கும். துடைத்தபின் பத்து நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும். இதைப் படத்துடன் வரைந்து சுவரில் ஒட்டினோம். உலோகப் பகுதிகளை அதன் பிறகு தண்ணீரால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அரித்துவிடும்.

அவர் எங்களுக்குச் சொன்னது அதைவிட அதிகம். ஸ்ட்ரெச்சரின் வார்கள், பிபி பார்க்கும் பட்டை, வயர்லெஸ் மைக், கதவுக் கைப்பிடியின் உள்பக்கம் ஆகியவற்றைத் துடைக்கச் சொல்லி யாரும் தன்னிடம் சொன்னதில்லை என்றார். எங்கள் சுத்தம் செய்யும் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். அந்த நான்கும் அதில் இல்லை.

இன்னும் தீராதவை

மாரடைப்பால் இதயம் நின்ற ஒருவருக்கு முழுப் பாதுகாப்பு உடை அணியும்வரை காத்திருக்க முடியுமா என்ற கேள்விக்கு எங்களிடம் முழுமையான பதில் இல்லை. கொரோனா காலத்தில், 2020-இல், உயிர்காப்பு சிகிச்சைக்கான சர்வதேசக் கூட்டமைப்பு, பாதுகாப்பு உடை அணியும் முன்பே மின்னதிர்ச்சி கொடுப்பதைப் பணியாளர்கள் பரிசீலிக்கலாம் என்றது. அதை ஒட்டி, என்-95, கண்ணாடி, கையுறை மூன்றையும் கை நீட்டினால் கிடைக்கும் பையில் வைத்தோம். அவற்றோடு முதல் அதிர்ச்சியைக் கொடுக்கலாம். நெஞ்சை அழுத்தவும் மூச்சுக்குழாய் போடவும் மற்றதை அணிந்த ஒருவர் சேர்ந்துகொள்ள வேண்டும். இரண்டு பேர் மட்டுமே உள்ள வண்டியில் இது இழுபறிதான். பயிற்சியில் ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் போகின்றன. அந்த விநாடிகளை யார் உயிரின் கணக்கில் எழுதுவது என்று பணியாளர்கள் கேட்கிறார்கள். கேட்பது சரிதான்.

இன்னொன்று, வண்டி கழுவும் ஒப்பந்தம் எட்டு மாதத்தில் கைமாறியது. பயிற்சி பெற்ற அந்தப் பெண் வேறிடத்துக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் பயிற்சி இல்லாமல் மூன்று நாள் வேலை செய்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது. இப்போது வண்டிச் சாவியை வெறுமனே கொடுப்பதில்லை. ஒரு அட்டையோடு வருகிறது. பச்சை என்றால் வழக்கமான சுத்தம். சிவப்பு என்றால் உதவியாளர் நேரில் வந்து, என்ன சந்தேகம், எதையெல்லாம் தொட்டிருக்கிறது என்று சொல்லிய பிறகே கதவைத் திறக்க வேண்டும். சிவப்பு அட்டை போட்ட வண்டியை அது மாறும்வரை பணிக்கு எடுக்கக் கூடாது. அட்டையின் பின்பக்கத்தில் கையெழுத்துக்கு மூன்று கோடுகள் இருக்கின்றன: உதவியாளர், ஓட்டுநர், கழுவுபவர்.